பதிப்புரிமை இத்தனை வருஷம் எதற்கு?

கேள்வி: பல நாடுகளில் எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை அனுமதியில்லாமல் யாரும் மறுபதிப்பு போடக்கூடாது என்றால் வாசகனுக்கு என்ன லாபம்? 1710-ல் இங்கிலாந்துச் சட்டம் புதுப் புத்தகத்துக்கு 14 வருஷம்தான் கொடுத்தது, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14.

பதில் 1: குடும்பத்துக்கு ஏதாவது வேண்டாமா? பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்த பெர்ன் உடன்படிக்கையே எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 50 வருஷம் குறைந்தபட்சம் என்கிறது.

பதில் 2: சரி, குடும்பம் யாரென்றே தெரியாவிட்டால்? ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பை மின்நூலாக்க நினைத்தேன், தாளெல்லாம் தொட்டாலே உதிர்கிறது, பதிப்பகம் எப்போதோ மூடியாச்சு, அனுமதி கேட்கக்கூட ஆளில்லை. விற்காததையும் சேர்த்துப் பூட்டி வைப்பதுதான் கடுப்பு.

பதில் 3: அமெரிக்காவில் முன்பு 28 வருஷம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், பெரும்பாலானோர் புதுப்பிக்கவே இல்லை. அப்புறம் 1998-ல், உரிமையில் இருந்த பழைய புத்தகங்களுக்கும் சேர்த்து 20 வருஷம் நீட்டினார்கள். இறந்தவர் இன்னொன்று எழுதவா போகிறார்?