கம்பத்துத் திராட்சை விவசாயியை மார்னிங்டன் ஒயின் தோட்டத்துக்கு அழைத்துப் போகலாமா?

கிளேட்டன் கயல்:

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். கம்பம் பக்கத்தில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. மெல்பர்னுக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் மார்னிங்டன் தீபகற்பம் முழுக்கத் திராட்சைதான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். அவர் குடிப்பதில்லை. அம்மாவோ, "பெற்றவளைச் சாராயக்கடைக்கா கூட்டிப் போகிறாய்?" என்கிறார். எனக்கும் கணவருக்கும் ருசி பார்க்க ஆசை; ஆனால் ஒன்றும் தெரியாது. குடிக்காதவர்களை உள்ளே விடுவார்களா? ஒரே நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்? வாங்காமல் வந்தால் முகம் சுளிப்பார்களா? மார்ச் முதல் வாரம் போகலாம் என்றிருக்கிறோம்.

பெர்விக் பாலன்:

தாராளமாக விடுவார்கள். குழந்தைகளோடு வருபவர்களே நிறைய. வார இறுதி என்றால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ருசி பார்க்கக் கட்டணம் உண்டு. புட்டி வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். அம்மாவுக்காக மெயின் ரிட்ஜில் சன்னி ரிட்ஜ் ஸ்ட்ராபெர்ரிப் பண்ணை இருக்கிறது, நாமே பறிக்கலாம்.

உப்புக்காற்று:

சகோதரி, இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் உங்கள் நாக்கு வேலை செய்யாது, செய்வதுபோல நடிப்பீர்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் நான்கு இடம் போனேன். ஊற்றிக் கொடுத்ததைத் துப்புவது மரியாதைக் குறைவு என்று எல்லாவற்றையும் விழுங்கினேன். மனைவிக்கு அப்போது ஓட்டுநர் உரிமம் கிடையாது. காரை டிரொமானா கடற்கரையில் நிறுத்திவிட்டு, உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் பேசவேயில்லை. விக்டோரியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.05ஐத் தொடக்கூடாது; புதிதாக உரிமம் வாங்கி, காரில் 'பி' பலகை மாட்டியிருப்பவர்களுக்குப் பூஜ்யம். ஒரு இடத்தில் ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் முப்பது மில்லி என்று வைத்தாலே ஒரு பெரிய கோப்பை ஆகிவிடும். மேசைமேல் இருக்கும் வாளி துப்புவதற்குத்தான். கூச்சப்படாதீர்கள், அங்கே வேலை செய்பவர்களே துப்புகிறார்கள். அதோடு, உங்கள் இருவரில் ஒருவர் வாயே வைக்காமல் இருந்துவிடுங்கள்.

எந்த இரண்டு இடம் என்பதுதான் முக்கியம். ஒன்று கீழே, மூரூடக் பக்கம். இன்னொன்று மேலே, ரெட் ஹில் அல்லது மெயின் ரிட்ஜ். இரண்டிலும் பினோ நுவார் கேளுங்கள்; அது ஒரு கருந்திராட்சை வகை, அதன் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். கீழே தாழ்ந்த நிலம், கொஞ்சம் வெதுவெதுப்பு. மேலே சுமார் இருநூறு மீட்டர் உயரம், எரிமலைப் பாறை மட்கிய செம்மண், பெயரே அதனால்தான். மேட்டில் பழம் பழுக்க ஒன்றிரண்டு வாரம் கூடுதலாகும். கீழ்த்தோட்டத்து ஒயின் வாயில் நிறைந்து உட்காரும். மேல்தோட்டத்துடையது மெலிந்து, புளிப்பு முன்னால் வந்து, வாசனை பின்னால் வரும். ஒரே பழம், இருபது நிமிடக் கார் பயணம். நான் இன்றும் அங்கே போவது அந்த வித்தியாசத்துக்காகத்தான். மேடுதான் உசத்தி என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். 2013இல், மெல்பர்ன் ஒயின் போட்டியில் இளம் சிவப்பு ஒயினுக்குத் தரும் ஜிம்மி வாட்சன் பரிசுக் கோப்பையை வென்றது கீழேயிருக்கும் யாபி லேக் தோட்டத்தின் 2012ஆம் ஆண்டுப் பினோ நுவார். பினோ நுவார் ஒன்றுக்கு அந்தக் கோப்பை கிடைத்தது அதுவே முதல் முறை.

குறிப்புத் தாளில் ராஸ்பெர்ரி, காட்டுத்தரை என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நாம் ராஸ்பெர்ரி தின்றா வளர்ந்தோம்? நான் என் நோட்டில் நாவற்பழம், மழை பெய்த மறுநாள் தோட்டம் என்றுதான் எழுதுகிறேன். ஒருமுறை "புளிச்சட்டி" என்றுகூட எழுதியிருக்கிறேன், அது பாராட்டு.

இனி அப்பா. அவர் முதலில் கேட்கப்போவது, "பந்தல் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். கம்பத்து வெயிலில் பந்தல்தான் கொத்துக்கு நிழல். இங்கே வெயிலே கடன் வாங்கியதுபோல வரும். ஒரு பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, மறுபக்கம் வெஸ்டர்ன்போர்ட் விரிகுடா, தெற்கே பாஸ் நீரிணை. கடற்காற்று பகலைச் சூடேற விடாது. அதனால் தளிரைக் கம்பிகளுக்கு நடுவே நேராக ஏற்றிக் கட்டி, கொத்தில் வெளிச்சம் விழவும் ஈரம் காயவும் விடுகிறார்கள். மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு கரையாமல் நிற்கிறது. குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். வருடத்துக்கு ஒரே அறுவடை. கவாத்து செய்து ஒரே வருடத்தில் திரும்பத் திரும்பக் காய்க்க வைக்கும் கம்பத்துக்காரருக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். மார்ச் முதல் வாரம் நல்ல தேர்வு: கொத்து கொடியிலேயே இருக்கும், பறவைகளுக்குப் பயந்து வலை போர்த்தியிருப்பார்கள். அனுமதி கேட்காமல் வரிசைக்குள் இறங்க விடாதீர்கள்.

மூரபின் முருகேசன்:

இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார். பிலாக்செரா என்று வேரைத் தின்னும் பூச்சி ஒன்று இருக்கிறது; செருப்பில் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யும். மெல்பர்னுக்கு வடகிழக்கே ஒயின் தோட்டங்கள் நிறைந்த யாரா பள்ளத்தாக்கில் 2006இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பக்கம் போன காலணியோடு இங்கே வரவேண்டாம். பிறகு, உப்புக்காற்று ஐயா பினோ பைத்தியம். ஷார்டனே என்று ஒரு வெள்ளை ஒயின் இருப்பதையே மறந்துவிட்டார். சிவப்பு ஒயினின் துவர்ப்பு பிடிக்காதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

உப்புக்காற்று:

ஒப்புக்கொள்கிறேன். முதலில் ஷார்டனே, பிறகு பினோ.

கிளேட்டன் கயல்:

போய்வந்தோம். கணவர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு காரோட்டினார். ரெட் ஹில்லில் வேலையாக நின்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். அவரே வலையைத் தூக்கிக் காட்டினார். அப்பா கொத்தைக் கையில் ஏந்தி, "இவ்வளவுதானா?" என்றார். கொடிக்கு ஒன்றிரண்டு கிலோதான் வைத்துக்கொள்கிறோம், மற்றதை முன்பே வெட்டிவிடுகிறோம் என்றார் அவர். நான் மொழிபெயர்த்ததும், பாவம், வட்டிக்கடன் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார் அப்பா. புட்டியின் விலையை நான் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சை நிறுத்தினார். பழம் ஒன்றைக் கொடுத்தார்கள். சின்னது, தோலும் விதையும்தான். ஆனால் பன்னீரைவிட இனிப்பு என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கு மேல்தோட்டத்துப் பினோதான் பிடித்தது, அண்ணா. வாளியில் துப்ப முதல் தடவை மட்டும்தான் கூச்சம். அம்மா ஸ்ட்ராபெர்ரி இரண்டு டப்பா பறித்தார். கோப்பையை முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, "பழைய பலசரக்குக்கடை வாசனை" என்றார். உங்கள் நோட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.