கோல்ஃப் 6 பின் பிறேக்: வாடகைக் கராஜில் நானே மாற்றலாமா?

கேள்வி (டோர்ட்முண்ட், ஜேர்மனி)
வணக்கம் உறவுகளே. என்னுடைய 2010ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 6 கார், பின் பிறேக் தட்டுகள் துருவேறித் தேய்ந்திருந்ததால் வாகனப் பரிசோதனையில் தேறவில்லை. ஒரு மாதத்துக்குள் திருத்திக்கொண்டு போனால் மறுபரிசோதனை மட்டும் போதும். அதைக் கடந்தால் முழுப் பரிசோதனையையும் மீண்டும் செய்ய வேண்டும். முன் பிறேக் மாற்றிய பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அடுக்குமாடி வீட்டில் இருப்பதால், தரிப்பிடத்தில் திருத்த வேலை செய்ய வீட்டு உரிமையாளர் அனுமதிப்பதில்லை. ஆகவே, வாகனத் தூக்கியை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் சுயஉதவிக் கராஜ் ஒன்றுக்குப் போக எண்ணுகிறேன். எதையெல்லாம் முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டும்?

மறுமொழி (எசன்)
வணக்கம். தாராளமாகச் செய்யலாம், ஆனால் பின் பிறேக்கை முன் பிறேக் போல நினைத்துவிடாதீர்கள். உங்கள் வாகனத்தில் கைப்பிறேக் கம்பியால் இயங்குவதால், பிறேக் பட்டையைத் தட்டோடு அழுத்தும் பின்பக்கப் பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போகாது. அழுத்திக்கொண்டே வலஞ்சுழியாகத் திருக வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. பதிவு செய்யும்போதே அது அங்கு இருக்கிறதா, வாடகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். கைப்பிறேக்கை விடுவித்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

உதிரிப்பாகங்களைக் கைவசம் வைத்துக்கொண்டே போங்கள். பதிவுப் பத்திரத்தின் 2.1, 2.2 கட்டங்களிலுள்ள இலக்கங்களைக் கொடுத்தாலும் ஒரே வாகன மாதிரிக்குப் பல அளவுத் தட்டுகள் வருவதுண்டு. ஆகையால் பின் பெட்டியின் உபரிச் சில்லுக் குழியில் ஒட்டியிருக்கும் தாளிலுள்ள குறியீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தவறான தட்டோடு தூக்கியில் நின்றால், நீங்கள் கடைக்குப் போய்வரும் நேரத்துக்கும் வாடகை ஓடும். முதல் தடவை என்பதால் மூன்று மணி நேரம் பதிவு செய்யுங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போவது நல்லது. ஏதாவது சிக்கினாலும் கராஜ் மூடுவதற்குள் முடிக்கலாம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி அண்ணா. தட்டைப் பிடித்திருக்கும் சிறிய திருகாணி துருவேறியிருக்கிறது. அதன் தலை சிதைந்துவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி (ஹம்)
அதுதான் பலருடைய நேரத்தைத் தின்னும் இடம். முதல்நாளே சில்லைக் கழற்றித் துருநீக்கித் திரவம் அடிப்பதற்கு வீட்டில் இடமில்லாததால், கராஜில் சில்லைக் கழற்றியவுடன் முதல் வேலையாக அதை அடித்து ஊறவிடுங்கள். பின்னர் சரியான அளவு டோர்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனையை முழுவதும் உள்ளே இறக்கி, சுத்தியலால் ஓரிரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள். அப்படியும் தலை சிதைந்தால் துளையிட்டு எடுக்கலாம். தட்டை இறுகப் பிடிப்பது சில்லின் போல்ட்டுகளே. புதிய திருகாணிகள் இரண்டு வாங்கி வைத்திருங்கள், விலை சொற்பம்தான்.

பழைய தட்டு கழன்றதும் அது அமர்ந்திருந்த முகப்பைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அங்கே துரு எஞ்சியிருந்தால் புதிய தட்டு சற்றுச் சரிந்து அமர்ந்து, ஓடும்போது பிறேக் மிதி துடிக்கும். புதிய தட்டின் எண்ணெய்ப் பூச்சையும் துடைத்தெடுங்கள்.

வாகனத்தை நகர்த்துமுன், மிதி கெட்டியாகும்வரை பல தடவை மிதித்து, பிறேக் எண்ணெயின் மட்டத்தைப் பாருங்கள். சில்லுப் போல்ட்டுகளை 120 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையில் இறுக்கி, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் சரிபாருங்கள். மறுபரிசோதனைக்குப் போகுமுன் சில நாள்கள் மென்மையாகப் பிறேக் பிடித்து ஓட்டினால் தட்டும் பிறேக் பட்டையும் ஒன்றோடொன்று படிந்துவிடும்.