மறு: கலைச்சொல் தேவை – பெட்டிச் செய்திகளுக்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களே,

வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டும். எளிய அறிவியல் நூல்; இயலுக்கு நாலைந்து பெட்டிச் செய்திகள். மூலத்தில் தலைப்பு 'ட்ரிவியா', அதாவது சுவையான சிறு தகவல். நேற்று வந்த பெட்டி இது: வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்றிவர 225 நாளே போதும். ஆண்டு முடிந்தும் ஒரு சுற்று முடியவில்லை! அடுத்த பத்திக்குப் போகவே மனம் வரவில்லை. இதற்கு மேல் பொறிக்கத்தான் சொல் கேட்டேன்.

> வியன்செய்தி எனலாம். வியப்பின் வேர்தானே?

வேர் எதுவாகவும் இருக்கட்டும். 'வியலென் கிளவி அகலப் பொருட்டே' என்கிறது தொல்காப்பிய உரியியல். 'விரிநீர் வியனுலகத்து' என்னும் குறளிலும் அகன்ற உலகம்தான். நம் பெட்டியோ நாலு வரி.

> லத்தீனில் ட்ரிவியம் என்றால் மூன்று வழி கூடுமிடம். முச்சந்திச் செய்தி என்போமே!

வேர் சரி. ஆனால் முச்சந்தி என்றதும் நமக்கு ஊர்வம்புதான் நினைவுக்கு வரும். லத்தீன் வேரைப் பெயர்த்து நட்டால் தமிழ்ச்சொல் ஆகிவிடாது. அங்கிருந்து சிலப்பதிகாரத்தில் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதம்வரை போய்விட்டோம். அதைத் தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன்.

> தொல்காப்பியரின் மருட்கை இருக்க வேறெதற்கு?

ஐயா, வியப்புக்குத் தொல்காப்பியர் வைத்த இந்தப் பெயர் என்னை உலுக்கிவிட்டது. 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' என் பெட்டிகளை, வியப்பு பிறக்கும் இந்த நான்கில் அடுக்கிப் பார்த்தேன். மூன்று இதயமுள்ள ஆக்டோபஸ் புதுமை. பத்து லட்சம் பூமிகளுக்குமேல் கொள்ளும் சூரியன் பெருமை. ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரும்பாலும் தேறாத நீர்க்கரடி என்னும் நுண்விலங்கு சிறுமை. 2007-ல் விண்வெளியின் வெற்றிடத்தில் விட்டும் அதில் சில பிழைத்துவந்தன. ஒன்று வேறொன்றாவதை ஆக்கம் என்று கொண்டால் கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சி ஆவது அதில் சேரும். ஒன்றுகூட மிஞ்சவில்லை!

ஆனால் 'மருட்கைச் செய்தி' என்று எழுதிப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் காட்டினேன். "பயமுறுத்துற செய்தியா?" என்று கேட்டாள். மருண்ட விழி, மருட்சி என்றே கேட்டுப் பழகிய காது. அவள் படிக்கத்தானே இந்த நூல்?

அதனால் துணுக்கு. பத்திரிகையில் இடம் நிரப்பும் சொல் என்று அம்மா ஒருவர் மறுத்தார். உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் புரியும். அப்புறம், துணுக்குறுதல் என்றும் ஒரு சொல் உண்டே. வெள்ளியின் கணக்கைப் படித்தபோது மனம் துணுக்குற்றது. துண்டும் திடுக்கிடலும் ஒரே வேரா என்று நான் வாதிட வரவில்லை; ஒலி ஒத்துப்போகிறது, எனக்கு அது போதும். 'அறிவியல் துணுக்கு' என்று அனுப்பட்டுமா?

---

மறு: மறு: கலைச்சொல் தேவை

அன்புடையீர்,

துணுக்குறுதலும் அச்சத்தால் நடுங்குவதுதானே? மருட்கைக்குச் சொன்ன தடை இதற்கு மட்டும் எப்படி இல்லாமல் போனது? துணுக்கு என்றால் துண்டு என்று மட்டும் சொல்லிப் போடுங்கள், ஏற்கிறேன். வியப்பை அதற்குள் திணிக்க வேண்டாம்.

மற்றவர்கள் 'சரி' என்று எழுதிவிட்டதால் வெள்ளிக்கிழமை அனுப்புங்கள். அந்த நான்கு பெட்டிகளை மட்டும் எனக்கும் அனுப்பிவையுங்கள். மருட்கை வரும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நடத்தும்போது வகுப்பில் காட்ட வேண்டும், மருட்கை என்றே தலைப்பிட்டு.