படத்தில் இல்லாத நாய்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. பொங்கல் முடிந்ததும் வகுப்பில் நாலைந்து இடம் காலியாகிவிடும். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள்.

சில வருடங்களுக்கு முன் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மார்கழியிலேயே பேச்சைக் குறைத்துவிட்டான். முதல் தடவையாகச் சூளைக்குப் போகிறான் என்று அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில், ஊர் மாறிப்போகும் ஒரு சிறுமியின் படக்கதை கிடைத்தது. அங்கிருக்கும் கதைகளைக் காசில்லாமல் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். கலர் பிரிண்ட் எடுத்து, சணலால் தைத்துக் கொண்டுபோனேன்.

முதல் நாள் தப்பு செய்தேன். வாசித்து முடித்ததும், "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "தைரியமா இருக்கணும் டீச்சர்" என்று வகுப்பே ராகம் போட்டது. அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் கதையே சொல்லவில்லை. லாரியில் சாமான் ஏற்றும் பக்கத்தை மட்டும் விரித்து வைத்து, "இந்தப் பொண்ணு எதைப் பாக்குறா?" என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாயப் பாக்குறா. நாய லாரியில ஏத்த மாட்டாங்க."

அந்தப் படத்தில் நாயே கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டேய், உன் நாய்க்கு நான் சோறு வைக்கிறேன்டா" என்றாள். அன்றைக்குத்தான் அவன் மதியச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டான்.

போகும்போது கோடு போடாத நோட்டு ஒன்றும் க்ரேயான் டப்பாவும் கொடுத்தனுப்பினேன். ஆடியில் திரும்பி வந்தான். நோட்டில் மண் அச்சு, புகை, வரிசை வரிசையாகக் கல். ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் அந்த நாய். பழைய காலண்டர் அட்டையை மேலட்டையாக ஒட்டி, 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தபோது அவற்றோடு சேர்த்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். நுழை, நட, ஓடு, பற என்று அவற்றில் படிநிலை உண்டு. இவன் புத்தகத்துக்கு எதுவும் போடவில்லை. இப்போது தையில் கிளம்பும் பிள்ளைகள் முதலில் எடுப்பது இதைத்தான்.

*

டீச்சர், அந்த நாயைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் அங்கன்வாடியில் இருக்கிறேன். நாலு வயசுக் குழந்தை ஒன்றின் ஆயா, அதாவது பாட்டி, இறந்தபோது, "ஆயா ஊருக்குப் போயிருக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அம்மா ஊருக்குக் கிளம்பினாலே குழந்தை அலறும். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் பிள்ளைகள் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் கேட்டுக்கொண்டுதான், 'தாத்தா இறந்துவிட்டார்' என்று நேராகவே சொல்லும் ஒரு படப் புத்தகத்தை, குழந்தையை மடியில் உட்காரவைத்துப் படித்தேன். காலி நாற்காலி இருக்கும் பக்கத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"ஆயாவும் வராதா?"

"வராது கண்ணு."

காலி நாற்காலியை விரலால் தடவிக்கொண்டே இருந்தது. நானும் திருப்பவில்லை. அப்புறம் அதுவாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பியது.