மறுபடியும் ஒரு பெருந்தொற்று வந்தால் மாஸ்க் போடுவீர்களா?

வேனில்:
ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. அம்மாவுக்கு சிறுநீரகம் மாற்றி ஆறு வருடம் ஆகிறது. புது சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், அதனால் தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தும் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவு பாதுகாப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்த பிறகும், கூட்டமான இடம் என்றால் நாங்கள் இருவரும் மாஸ்க் போட்டுத்தான் போகிறோம்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது லிஃப்டில் ஒருவர் இருமிக்கொண்டே ஏறினார். என் பையில் எப்போதும் பிரிக்காத மாஸ்க் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றை எடுத்து நீட்டி, "அம்மாவுக்கு உடம்பு முடியாது, கொஞ்சம் போட்டுக்கொள்கிறீர்களா" என்று கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பயந்து சாவீங்க" என்று கத்தினார். உள்ளே இன்னும் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அம்மாதான் என் கையைப் பிடித்து அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். மீதி மூன்று மாடி படியேறினோம், அவருக்கு முழங்கால் வலி வேறு.

ஒரு துண்டுத் துணிக்கு ஏன் இவ்வளவு கோபம்? நாளைக்கே வேறொரு தொற்று வந்தால் நீங்கள் போடுவீர்களா, மாட்டீர்களா? ஏன் என்றும் சொல்லுங்கள். திட்ட மாட்டேன், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவுப்பணி:
வேனில், அம்மா இப்போது நலமா? நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நான் பார்த்தவரையில் மாஸ்க் பற்றி மக்கள் மனதில் இருந்தது ஒரே கேள்வி, "இது என்னைக் காப்பாற்றுமா?" எதிரில் இருப்பவரை அது காப்பாற்றும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் சர்ஜிக்கல் மாஸ்க் போடுவதே முக்கியமாகத் தன் எச்சில் நோயாளியின் காயத்தில் தெறிக்காமல் இருக்கத்தான். பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து வருவதைக் கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது சுலபம், அது காற்றில் உலர்ந்து பொடியாகி மிதக்க ஆரம்பித்த பிறகு பிடிப்பது கஷ்டம். கொரோனாவில் இருமல், காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுகிறார், ஆகவே "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்பதை நம்ப முடியாது. ஆனால் தன் மாஸ்க்கால் யார் தப்பித்தார் என்பது போட்டவருக்குக் கடைசிவரை தெரியாது. காது வலிப்பதும் முகம் வேர்ப்பதும் மட்டும் நன்றாகத் தெரியும். கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

மூச்சு முட்டி ஆக்ஸிஜன் குறையும் என்று சொன்னவர்கள் ஏராளம். ஆக்ஸிஜன், கரியமில வாயு மூலக்கூறுகள் எல்லாம் மாஸ்க்கின் துளையைவிட எத்தனையோ மடங்கு சிறியவை, தாராளமாகப் போய் வரும். பன்னிரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறோம். மூக்குத்தண்டில் தழும்பு விழுந்தது, அது உண்மை.

ஒரு விஷயம். அம்மாவுக்கு என்95 போடுங்கள். பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுத் துகளிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். சல்லடை மாதிரி துளையை மட்டும் நம்பி அது வேலை செய்வதில்லை, இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், துகளை அது இழுத்துப் பிடிக்கும். சோப்பு போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும், துவைக்கவே கூடாது. மூக்குக் கம்பியை இரண்டு பக்கமும் நன்றாக அழுத்திவிடுங்கள், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே காற்று கசிகிறது என்று அர்த்தம். அப்புறம், நீங்கள் வால்வு வைத்தது போடாதீர்கள், நீங்கள் விடும் மூச்சு அப்படியே வெளியே வந்துவிடும்.

நேர்வழி:
திட்ட மாட்டேன் என்று சொன்னதால் எழுதுகிறேன். அந்த லிஃப்ட்காரர் செய்தது தவறு, கேட்டிருந்தால் நான் போட்டிருப்பேன். ஆனால் இன்னொரு தடவை எல்லோருக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தால் எதிர்ப்பேன்.

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியே பொதுமக்கள் மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள் என்றார், அது உங்களுக்குப் பயன்படாது என்றும் சொன்னார். ஏப்ரல் 3ஆம் தேதி அதே நாட்டில் எல்லோரும் துணி மாஸ்க் போடுங்கள் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குத் துணி மாஸ்க்கைப் பரிந்துரைத்தது ஜூன் 5ஆம் தேதிதான். மருத்துவமனைகளுக்குப் பற்றாக்குறை வந்துவிடும் என்று பயந்தார்கள், சரி, அதைச் சொல்லியிருக்கலாம். "எங்களிடம் போதுமான அளவு இல்லை, முதலில் நர்ஸ்களுக்குக் கொடுப்போம்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் மறுத்திருப்பார்கள்? பயன்படாது என்று சொல்லிவிட்டுப் பிறகு போடாவிட்டால் அபராதம் என்றால் எப்படி நம்புவது?

அர்த்தமே இல்லாத விதிகள் வேறு. நான் விடியற்காலையில் ஆளே இல்லாத இடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தேன், மூக்குக்குக் கீழே மாஸ்க் இறங்கியிருந்தது என்று நிறுத்தி அபராதம் போட்டார்கள். அதே ஊழியர்கள் மூடிய அறையில் ஏழெட்டு பேராக மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததை அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை விட்டுப்போனதுதான். டென்மார்க்கில் 2020இல் செய்த ஆய்வில்கூட மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் சொல்லாதவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை.

பழையபக்கம்:
நேர்வழி, நீங்கள் சொன்ன முதல் பாதி அத்தனையும் நியாயம். திறந்தவெளி விதியும் அபத்தம்தான். டென்மார்க் ஆய்வு மட்டும் நீங்கள் சொல்கிற இடத்துக்குப் பொருந்தாது. அங்கே ஊரில் பெரும்பாலோர் மாஸ்க் போடாத நேரத்தில், போட்டவருக்கு மட்டும் என்ன பாதுகாப்பு என்று பார்த்தார்கள். இரவுப்பணி சொன்ன விஷயத்தை, அதாவது நோய் உள்ளவர் போட்டால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதை, அந்த ஆய்வு அளக்கவே இல்லை.

2020 நவம்பரிலிருந்து வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. மாஸ்க் கொடுத்துப் போட வைத்த கிராமங்களில் சரியாக மாஸ்க் போட்டவர்கள் 42 சதவீதம், மற்ற கிராமங்களில் 13. அந்த வித்தியாசத்துக்கே அறிகுறியோடு உறுதியான தொற்று ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது, சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்கு இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, மக்களை எப்படிப் போட வைத்தார்கள் என்பது. இலவசமாக வீட்டுக்கே கொடுத்தார்கள், ஏன் என்று விளக்கினார்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள் முதலில் போட்டுக் காட்டினார்கள், போடாமல் வருபவரை ஒருவர் நிறுத்தி நினைவுபடுத்தி இல்லாதவருக்கு ஒன்று கொடுத்தார். அபராதம் கிடையாது. குறுஞ்செய்தி அனுப்பியதாலும் கிராமத்துக்குப் பரிசு அறிவித்ததாலும் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. வேனில், நீங்கள் லிஃப்டில் செய்தது கிட்டத்தட்ட அதேதான்.

இந்தக் கோபமும் புதிதில்லை. 1918இல் ஃப்ளூ பரவியபோது சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் கட்டாயமானது. நவம்பர் 21ஆம் தேதி விலக்கியபோது ஜனங்கள் கழற்றித் தெருவிலேயே எறிந்தார்கள். நோய் திரும்பி வந்து ஜனவரியில் மறுபடி கட்டாயமாக்கியதும் மாஸ்க் எதிர்ப்புச் சங்கம் என்றே ஒன்று தொடங்கிக் கூட்டம் போட்டார்கள். தளர்வான வலைத்துணியில் தைத்த மாஸ்க் அது, பெரிதாகத் தடுத்திருக்காது என்பதும் உண்மை.

அதற்கும் முன்னால், 1910-11இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நிமோனியா பிளேக், அதாவது நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்ற இளம் மருத்துவர், இது காற்றில் பரவுகிறது, பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த மாஸ்க் போடுங்கள் என்றார். அவரைவிட அனுபவம் மிகுந்த ஒரு பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல் மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் அதே நோயில் இறந்துபோனார். சுமார் 60,000 பேர் அந்தத் தொற்றில் இறந்தார்கள். படித்தவர்களுக்கு எடுத்துச் சொன்னால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பிரெஞ்சு மருத்துவர் ஞாபகம்தான் வரும்.

உதடுவாசி:
எனக்கு இரண்டு காதும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். எல்லோரும் மாஸ்க் போட்ட அந்த இரண்டு வருடமும் எனக்கு உலகமே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. கழற்றச் சொல்லிக் கேட்கவும் பயம், ஏனென்றால் என் அப்பாவுக்கு ஆஸ்துமா. வாய்ப்பகுதி தெரிகிற மாஸ்க்கும் பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஆவி படிந்துவிடும். பேசுவதை எழுத்தாக்கும் செயலி இருந்ததால் பிழைத்தேன். மாஸ்க் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த தடவை ஒருவர் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னால் காரணம் இப்படியும் இருக்கலாம், இரண்டு அடி பின்னால் போய்க் கழற்றுங்கள், இல்லாவிட்டால் எழுதிக் காட்டுங்கள்.

கடைசிபெஞ்ச்:
லிஃப்டில் வாய் திறக்காத அந்த நான்கு பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அந்த மாதிரி ஆள். மாஸ்க் பையிலேயே இருக்கும், எதிரில் ஒருத்தராவது போட்டிருந்தால் நானும் போடுவேன், யாரும் போடவில்லை என்றால் கூச்சமாக இருக்கும், போட மாட்டேன். போன மாதம் சளியோடு வேலைக்குப் போனபோதும் போடவில்லை. கொள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது, நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான். உங்கள் அம்மா மூன்று மாடி ஏறினார் என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

வேனில்:
எல்லோருக்கும் நன்றி. நேர்வழி, நீங்கள் எழுதியதைத்தான் இரண்டு தடவை படித்தேன். அந்த மனிதருக்கும் இப்படி ஒரு அபராதமோ அவமானமோ நடந்திருக்கலாம், அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனாலும் அம்மா முன்னால் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

உதடுவாசி, என் பையில் இனி ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கும்.

இரவுப்பணி, அம்மா நலம். நான் போட்டிருந்ததே வால்வு வைத்ததுதான், இத்தனை நாள் தெரியாது, இன்றைக்கே மாற்றிவிட்டேன். வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போக வேண்டும். இந்த முறையும் கூடுதலாக மாஸ்க் எடுத்துப் போகிறேன், யாராவது இருமினால் கேட்பேன். லிஃப்ட் காலியாக வரும்வரை கீழேயே நிற்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.