கூகுள் டாக்ஸில் குழு வேலை: உங்கள் வகுப்பில் எப்படிப் போகிறது?

சமூக அறிவியல் ஆசிரியர், டெல்டா பகுதி:

குழு வேலை கொடுத்தால் ஒருத்தி எழுதுவாள், மற்றவர்கள் மேலே பெயர் சேர்த்துக்கொள்வார்கள். சார்ட் அட்டைக் காலத்திலிருந்தே இதுதான் கதை. கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி பார்த்தால் யார் எதை எழுதினார்கள் என்று தெரிந்துவிடும் என்றார்கள். திறந்தால் பாதிப் பேருக்கு அப்பா பெயர், அக்கா பெயர். போன் அவர்களுடையது அல்லவா! லிங்க் வழியாக நுழைந்தவர்களுக்குப் பெயரே இல்லை, ஏதோ ஒரு விலங்குப் படம். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

அப்புறம் வேலையையே மாற்றிக் கொடுத்தேன். ஜிக்சா முறை. 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது மூண்ட சண்டையைத் தணிக்க, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அடுத்தவர் துண்டு வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

நான் எடுத்தது காவிரிப் பாசனம். மேட்டூர், கல்லணை, குறுவை-சம்பா, கடைமடை என்று நான்கு தாள். ஜூன் 12 அணை திறக்கும் தேதி என்பது மேட்டூர்த் தாளில் இருக்கும். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது குறுவைத் தாளில். "திறப்பு தள்ளிப்போனால் கடைமடை விவசாயி என்ன செய்வார்?" என்பதுதான் கேள்வி. வாயே திறக்காத பையன் ஒருவன் எழுந்து, "எங்க ஊர்ல போர் தண்ணி உப்பு சார். குறுவையை விட்டுட்டு சம்பாவுக்கு நேரடி விதைப்புதான்" என்றான். அவன் தாளில் இல்லாத விஷயம் அது. பக்கத்தில் இருந்தவள் டைப் செய்தாள். ஹிஸ்டரியில் அது அவள் கணக்கில் கிடக்கிறது!

தமிழாசிரியை:

எங்களுக்குத் தட்டச்சுதான் தகராறு. வேகமாக அடிப்பவள் சொல்வதே குழுவின் கருத்தாகிவிடுகிறது. குரல் தட்டச்சு வைத்துப் பார்த்தோம். ஒரே அறையில் நான்கு குழுவும் பேச, பக்கத்துக் குழுவின் திருக்குறள் விளக்கம் எங்கள் ஆவணத்தில் வந்து விழுந்தது. இப்போது முதலில் நோட்டில் எழுதுகிறார்கள், பிறகுதான் கணினி.

கணித ஆசிரியர்:

நான் கூகுளின் இணைய வெள்ளைப்பலகையான ஜாம்போர்டை நம்பி இருந்தேன். 2024 முடிவோடு கூகுள் அதை மூடிவிட்டது. பிள்ளைகள் ஒட்டிய நோட்டுகளைப் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்ததோடு சரி. கரும்பலகையை யாரும் மூட மாட்டார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு வட்டமாக உட்கார்ந்து, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததை நாங்கள் கணினி இல்லாமலே பார்த்திருக்கிறோம். ஒரு சந்தேகம் சார்: ஜிக்சாவில் ஒரு பிள்ளை லீவு போட்டால் அந்தத் துண்டு என்ன ஆகும்?

சமூக அறிவியல் ஆசிரியர்:

அடிக்கடி வராத பிள்ளையின் தாளை இன்னொருவருக்கும் கொடுத்துவிடுவேன், டீச்சர். இரண்டு பேரும் வந்துவிட்டால் சேர்ந்து சொல்வார்கள். தாள்களின் படம் வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.