எங்க ஏரி கேஸுக்கு கன்னட பத்திரம் படிக்கத் தெரிஞ்ச வக்கீல் வேணும்

பெங்களூர் தமிழ் மக்களே, ஒரு அவசர உதவி. நாங்க கே.ஆர்.புரம் பக்கம் இருபது வருஷமா இருக்கோம், வீட்டுக்குப் பின்னாடி ஏரிக்குப் போற ராஜகாலுவே (மழைத்தண்ணி போற பெரிய கால்வாய்) இருக்கு, அதுல ஜனவரி கடைசியிலேர்ந்து ராத்திரி ஒரு மணிக்கு மேல டிப்பர் லாரி வந்து இடிச்ச கட்டட மண்ணக் கொட்டிட்டுப் போகுது. காலைல போய் பாத்தா உடைஞ்ச டைல்ஸ், பாத்ரூம் பீங்கான், அது மேல வழி தெரியாம நிக்கிற ரெண்டு நீர்க்கோழி. மனசு தாங்கல. போன மழைக்கே எங்க தெருவுல முட்டியளவு தண்ணி.

அதிகாரிங்ககிட்ட மூணு மனு குடுத்தாச்சு, பதிலே இல்ல. அதனால சென்னைல இருக்கற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட (சுற்றுச்சூழல் கேஸுக்கான NGT) தென்மண்டல பெஞ்சுக்குப் போகலாம்னு இருக்கோம், கர்நாடகாவும் அதுக்குக் கீழதான் வருது. அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010 சட்டம் 14ம் பிரிவுப்படி விஷயம் முதல்ல ஆரம்பிச்ச நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள போடணும், தகுந்த காரணம் இருந்தா மேல 60 நாள் குடுப்பாங்க, அதை நம்பி உக்கார முடியாதுல்ல, இப்பவே ஜூன் வந்துடுச்சு.

பழைய வில்லேஜ் மேப், பஹணி (நிலப் பதிவேடு) எல்லாம் கன்னடத்துல கைல இருக்கு. 2016ல தீர்ப்பாயம் ஏரியச் சுத்தி 75 மீட்டர் பஃபர், அதாவது கட்டடம் கட்டக்கூடாத இடம்னு சொன்னத 2019ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அதனால சர்வே நம்பர் எல்லைய வெச்சு கணக்கா வாதாடத் தெரிஞ்சவங்கதான் வேணும். இதுமாதிரி கேஸ் போட்டவங்க, தெரிஞ்ச வக்கீல் இருக்கறவங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. தேதியோட போட்டோ, வீடியோ எல்லாம் பத்திரமா வெச்சிருக்கோம்.